காசு குறைஞ்சா எப்ப தெரியவரும்?

கடையோ கெஸ்ட் ஹவுஸோ மீன் வாடியோ, எங்க கணக்குப் பாக்கப் போனாலும் லெஜரைத் திறக்க முதல் முதலாளியிட்ட ஒரு கேள்வி கேப்பன். இண்டைக்கு உங்கட லாச்சியில இருந்து ஐயாயிரம் ரூபா காணாமப் போனா அது உங்களுக்கு எப்ப தெரியவரும்? சிலர் பின்னேரமே தெரிஞ்சிரும் எண்டுவாங்க. சிலர் மாசக் கடைசியில எண்டுவாங்க. நிறையப் பேர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்பிடியொண்டும் நடக்காது தம்பி, எல்லாம் எங்கட பொடியங்கள்தானே" எண்டு சொல்லுவாங்க. அந்தப் பதிலுக்குத்தான் நான் பயப்படுறன், ஏனெண்டா நடந்தா ஒருநாளும் தெரியவராது எண்டதைத்தான் அவர் சொல்லுறார்.

காசும் சாமானும் களவு போகாம, பிழை நடந்தா தெரியவாற மாதிரி ஒரு இடத்துக்குள்ள செய்து வைக்கிற ஏற்பாடுகளைத்தான் உள்ளகக் கட்டுப்பாடு எண்டுறது. அந்தப் பேரைச் சொன்ன உடனே ஆக்களுக்கு ஞாபகம் வாறது போர்ம், சீல், மூண்டு கையெழுத்து, சிசிடிவி. நான் இதை நாள்கணக்கில அளக்கிறன். பிழை நடந்த நேரத்துக்கும் அது பொறுப்பான ஒரு ஆளுக்குத் தெரியவாற நேரத்துக்கும் இடையில எவ்வளவு இருக்கு, அதைக் குறைக்கிறது எதுவோ அதுக்குத்தான் காசும் நேரமும் செலவழிக்கலாம். மோசடி விசாரணை செய்யிற ஆக்களுக்கு ஏசிஎஃப்ஈ எண்டு உலகளவில ஒரு சங்கம் இருக்கு, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பெரிய அறிக்கை போடுவாங்க. 2024 அறிக்கையில, ஒரு மோசடி தொடங்கினதில இருந்து பிடிபடுற வரைக்கும் போற காலத்தின்ட இடைநிலை அளவு 12 மாசம், அதாவது பாதி மோசடி அதை விடப் பிந்தித்தான் பிடிபட்டிருக்கு. திருகோணமலைக் கணக்கில சொன்னா ஒரு முழு சீசனும் ஒரு முழு மாரியும்.

நம்பிக்கையைப் பற்றி முதல்லயே கதைச்சிடோணும், ஏனெண்டா எங்கட ஊரில எந்தக் கட்டுப்பாடு கொண்டுவந்தாலும் அது வந்து முட்டுறது இதிலதான். வேலைக்கு வாற பொடியன் பக்கத்து வீட்டுப் பிள்ளை, இல்லாட்டி மச்சான்ட மகன், இல்லாட்டி அம்மாவோட கோயிலுக்கு வாற அக்காட மருமகன், அவனிட்ட சிட்டை கேட்டா "என்னைச் சந்தேகப்படுறீங்களா அண்ணா" எண்டு முகம் வாடும், முதலாளிக்கும் கஷ்டமாப் போயிரும், அதோட விட்டிடுவாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, லாச்சியில காசு குறைஞ்சு, ஆர் எடுத்தது எண்டு காட்ட ஒரு எழுத்தும் இல்லாட்டி, அண்டைக்கு அந்த இடத்தில நிண்ட நாலு பேரும் களவாளிதான். எடுக்காத மூண்டு பேருக்குத் தாங்கள் எடுக்கல்ல எண்டு காட்ட வழியில்ல. சின்ன ஊரில அந்தப் பேர் கலியாணப் பேச்சு வரைக்கும் போகும். பொறுப்பு மாத்தேக்க ரெண்டு பேரும் சேந்து எண்ணி, கொப்பியில தொகையை எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சா, நேர்மையான பொடியன் நிம்மதியா வீட்ட போகலாம். அந்தக் கொப்பி முதலாளியை விட அவனுக்குத்தான் கூடத் தேவை எண்டு நான் சொல்லுவன், அப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்தின இடங்களில முகம் வாடினதை நான் காணல்ல.

டொனால்ட் கிரெஸி எண்ட அமெரிக்க சமூகவியலாளர் 1950ஐ ஒட்டின காலத்தில, நம்பி ஒப்படைச்ச காசைக் கையாடி மறியலுக்குப் போன ஆக்களோட இருந்து கதைச்சுப் பாத்தவர். அதில இருந்துதான் பிறகு மூண்டு விசயம் எண்டு சொல்லிப் படிப்பிக்கத் தொடங்கினாங்க: வெளியில சொல்ல ஏலாத ஒரு காசுக் கஷ்டம், எடுக்கிறதுக்கு ஒரு வாய்ப்பு, பிறகு திருப்பி வைக்கலாம்தானே எண்டு மனசுக்குள்ள சொல்லிக்கொள்ளுற நியாயம். கஷ்டம் ஆருக்கும் வரலாம், 2022 பொருளாதார நெருக்கடியில எங்க எல்லாருக்கும்தான் வந்தது. மனசுக்குள்ள என்ன நியாயம் ஓடுதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வாய்ப்பு மட்டும்தான் முதலாளிட கையில இருக்கு, அதை அப்பிடியே திறந்து வைச்சிட்டு ஒரு இருவது வயசுப் பொடியனை அதுக்கு முன்னால இருத்திறது அவனுக்குச் செய்யிற அநியாயம் எண்டு நான் உண்மையா நினைக்கிறன்.

இனி விசயத்துக்கு வாறன். கட்டுப்பாடு வடிவமைக்கிறதெண்டா இன்டர்நெட்டில ஒரு செக்லிஸ்ட் எடுத்து நிரப்புறது எண்டு நினைக்காதீங்க. காசும் சாமானும் போற பாதையில நீங்களும் ஒருக்கா நடந்து போகோணும். உப்புவெளியில இருந்து நிலாவெளி வரைக்கும் கரையோரமா இருக்கிற கெஸ்ட் ஹவுஸ் ஒண்டை எடுங்க. ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் கடல் அமைதி, புறாமலைக்குப் போட் ஓடும், ரூம் நிரம்பும், அந்த அஞ்சாறு மாசத்து வருமானத்திலதான் மாரி காலத்துச் சம்பளமும் கரண்ட் பில்லும் லோனும் போகோணும். கன இடங்களில முதலாளி கனடாவிலயோ லண்டனிலயோ, இங்க சொந்தத்தில ஒராள் பாக்கிறார்.

வெள்ளைக்காரர் ஒராள் ஒன்லைன்ல ரூம் புக் பண்ணுறார், காசு வந்த பிறகு கையில குடுக்கிறதா ஏற்பாடு. வாறார், ரெண்டு நாள் நிக்கிறார், ரிசெப்ஷன்ல காசைக் குடுத்திட்டுப் போறார். அவர் போன பிறகு ரிசெப்ஷன்ல இருக்கிற ஆள் அந்த சைட்டுக்குள்ள போய், கெஸ்ட் வரல்ல எண்டு ஒரு பட்டனை அமத்துறார். அவ்வளவுதான். சைட் தன்ட கொமிஷனை விட்டிடும், முதலாளி ரொறொன்டோவில இருந்து பாத்தா ஒரு ஆள் வரல்ல எண்டு காட்டும், கெஸ்ட் தன்ட பாட்டில எல்லைக்கோ அறுகம்பைக்கோ போயிட்டார். ஒருத்தருக்கும் முறைப்பாடு இல்ல. இது எப்ப தெரியவரும் எண்டு கேட்டா, புக்கிங்கைப் பதியிறதும் காசு வாங்குறதும் வரல்ல எண்டு குறிக்கிறதும் ஒரே கையாயிருக்கும் வரைக்கும் தெரியவே வராது. கமரா பூட்டினாலும் தெரியாது, ஏனெண்டா கமராவில காசு வாங்குறது ஒழுங்காத்தான் தெரியும்.

இதுக்கு மருந்து, வேற ஒரு கை தன்ட தேவைக்காக எழுதுற வேற ஒரு கணக்கைத் தேடிப் பிடிக்கிறது. லோன்ட்ரிக்காரர் எத்தினை படுக்கை விரிப்பு, எத்தினை துவாய் எண்டு எழுதித்தான் பில் போடுவார், ஒண்டு குறைய எழுதினா அவருக்குத்தான் நட்டம். ரிசெப்ஷன்ல என்ன நடக்குதெண்டு அவருக்குத் தெரியவும் தேவையில்ல. குசினியில காலைச் சாப்பாட்டுக்கு எத்தினை பிளேட் போச்செண்டு ஒரு கணக்கு இருக்கும். ரூம் கூட்டுற அக்காட கொப்பியில எந்த ரூம் எண்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இந்த மூண்டையும் வட்ஸ்அப்பில படம் எடுத்து முதலாளிக்கு நேரடியா அனுப்பச் சொல்லுங்க, ஒவ்வொரு ஆளும் தன்டதைத் தானே அனுப்போணும், ஒராள் சேத்து அனுப்பக் கூடாது. அதை ரூம் வருமானத்தோட வைச்சுப் பாக்க அரை மணித்தியாலம் காணும். ஒரு சீசன் முழுக்க ஒளிச்சிருக்கக்கூடிய விசயம் ஒரு கிழமைக்குள்ள வெளிய வந்திரும். புது சொஃப்ட்வெயர் ஒண்டும் வாங்கத் தேவையில்ல.

இன்னொண்டு இப்ப எல்லா இடத்திலயும் நடக்குது. வாடிக்கையாளர் போன்ல காசு மாத்தினதா ஒரு ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டுவார், கடையில நிக்கிற பொடியன் பாத்திட்டு சாமானைக் குடுத்து விட்டிடுவான். அந்தப் படத்தை ஆரும் அஞ்சு நிமிசத்தில செய்யலாம். ஆகவே மற்றவர்ட போனைப் பாக்கிறதில்ல, எங்கட வங்கி அனுப்புற எஸ்எம்எஸ் கடைக்கெண்டு வைச்ச போனுக்கு வந்தாத்தான் சாமான் அசையும் எண்டு ஒரு விதி போட்டா முடிஞ்சுது. சனம் நிறைஞ்ச நேரத்தில இது கொஞ்சம் தாமதம்தான், ஆனா அந்தத் தாமதத்தைத் தாங்கோணும்.

பேரிங்ஸ் எண்டு லண்டனில ஒரு வங்கி இருந்தது, 1762இல தொடங்கினது. சிங்கப்பூர்ல அவங்கட ஆள் நிக் லீசன் பங்குச்சந்தைக் குறியீட்டு வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரத்தின்ட கணக்கை முடிச்சுப் பதியிற வேலையும் அவர்ட கைக்குள்ளதான் இருந்தது. 1992இல 88888 எண்டு ஒரு கணக்குத் திறந்து, நட்டத்தை எல்லாம் அதுக்குள்ள போட்டுக்கொண்டு வந்தார். 1995 பெப்ரவரியில வெளிய வரேக்க நட்டம் 827 மில்லியன் பவுண்ட், வங்கி முடிஞ்சுது, நெதர்லாந்தின்ட ஐஎன்ஜி வங்கி அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினது. இதில எனக்கு மனசு கிடந்து அடிக்கிற இடம் என்னெண்டா, 1994இலயே உள்ளகக் கணக்காய்வுக்குப் போன ஆக்கள் இந்த ரெண்டு வேலையும் ஒரே ஆளிட்ட இருக்கு, பிரிக்கோணும் எண்டு எழுதிக் குடுத்தவங்க. லாபம் வருதுதானே எண்டு விட்டிட்டாங்க. கண்டுபிடிக்கிறது வேற, கண்டுபிடிச்சதுக்கு ஒராள் திகதி போட்டுச் செய்து முடிக்கிறது வேற. அறிக்கை லாச்சிக்குள்ள கிடந்தா அதுவும் தெரியவராததுதான்.

சரி, பெரிய வங்கி ஆளைப் பிரிக்கலாம், சென்ரல் ரோட்டில நாலு பேர் வேலை செய்யிற ஹாட்வெயார் கடையில என்ன பண்ணுறது? காசு தொடுறவர், கணக்கு எழுதுறவர், சாமான் வைச்சிருக்கிறவர், செலவுக்கு ஓம் சொல்லுறவர் எண்டு நாலு வேலையை நாலு பேருக்குப் பிரிச்சா ஆர் சிமெந்து தூக்கிறது? கேள்வி நியாயமானது. அதுக்கு என்ட பதில், எல்லாத்தையும் பிரிக்க ஏலாட்டி ஒண்டை மட்டும் முதலாளி தன்ட கையில வைச்சிருக்கோணும், அது வங்கிக் கூற்று. வங்கியில இருந்து வாற ஸ்டேட்மென்டை கணக்கு எழுதுறவர் பிரிக்க முதல் முதலாளி பாக்கோணும், தன்ட போன்ல இருக்கிற வங்கி அப்பில நேரடியா. பேர் தெரியாத ஆளுக்குப் போன காசு, ஒரே சப்ளையருக்கு ஒரே தொகை ரெண்டு தரம் போனது, நேற்றைய விற்பனை இண்டைக்கு வைப்பில இல்லாதது, இந்த மூண்டும் கண்ணுக்குத் தெரியும். ஓஎல் வணிகம் படிச்ச ஆக்களுக்கு வங்கி இணக்கக் கூற்று ஞாபகம் இருக்கும், எங்கட காசுக் கணக்கையும் வங்கிட கணக்கையும் பக்கத்தில வைச்சு வித்தியாசம் ஏனெண்டு பாக்கிறது, சோதினைக்குப் பாடமாக்கினது. அதைக் காசு தொடாத ஒராள் மாசா மாசம் செய்தா அதை விடப் பெரிய காவல் சின்னக் கடைக்குக் கிடையாது.

மற்றது லீவு. வருசத்தில ஒருக்காவாவது பத்து நாள் தொடர்ச்சியா அந்த ஆள் வீட்டில நிக்கோணும், வேறொராள் அந்தக் கதிரையில இருக்கோணும். ஒருநாளும் லீவு எடுக்காமல் உழைக்கிற ஆளை நாங்க மெச்சுவம், அந்த மெச்சலில பிழையில்ல, ஆனா ஒவ்வொரு நாளும் அவர் வந்தாத்தான் மூடி வைக்கலாம் எண்டு ஒரு விசயம் இருந்தா அது அந்தப் பத்து நாளிலதான் வெளிய வரும். உலகத்தில கன வங்கிகள் கட்டாய லீவு எண்டு வைச்சிருக்கிறது இதுக்குத்தான்.

முதலாளிமார் செய்யிற ஒரு வேலையை நான் எங்க கண்டாலும் சண்டை பிடிப்பன். கொழும்புக்குப் போக முதல் நாள் இரவு செக் புத்தகத்தில நாலைஞ்சு வெத்து செக்கில கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டு பஸ் ஏறுறது. தொகையும் இல்ல, பேரும் இல்ல, கையெழுத்து மட்டும் இருக்கு. அதே மாதிரி ஒன்லைன் பேங்கிங் பாஸ்வேர்டைத் துண்டில எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழ வைக்கிறது. இதுக்குப் பிறகு என்ன கட்டுப்பாடு போட்டாலும் வேலைக்கு ஆகாது.

தடுக்கிற கட்டுப்பாடு, கண்டுபிடிக்கிற கட்டுப்பாடு எண்டு ரெண்டு வகை சொல்லுவாங்க. தடுக்கிறது எப்பிடி இருக்கும் எண்டு எங்கட நாட்டில ஒருத்தருக்கும் படிப்பிக்கத் தேவையில்ல, 2022 ஜூலையில வந்த எரிபொருள் கியூஆர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கு முதல் நாள்கணக்கில வரிசை, ஒரு செட்டில அடிச்சிட்டு அடுத்த செட்டில போய் நிக்கிற ஆக்கள், கானில வாங்கி விக்கிற ஆக்கள். பிறகு ஒரு வாகனத்துக்கு ஒரு கோட், மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 எண்டு தொடங்கினாங்க. அளவு குறைவுதான், பட்ட கஷ்டம் கஷ்டம்தான். ஆனா வரிசை குறைஞ்சது ஏனெண்டு பாத்தா, பம்படியில நிக்கிற பொடியன் ஆருக்குக் குடுக்கிறது எவ்வளவு குடுக்கிறது எண்டு முடிவெடுக்கத் தேவையில்லாமப் போச்சு. தெரிஞ்ச ஆள் கேட்டாலும், பெரிய ஆள் கேட்டாலும், ஃபோன் காட்டும் மிச்சம் இவ்வளவுதான் எண்டு. அவனுக்கு மேல இருந்த அழுத்தமும் போச்சு. கடையில கழிவு குடுக்கிறதுக்கு, கடன் குடுக்கிறதுக்கு இதே மாதிரி ஒரு எல்லையை சிஸ்டத்திலயோ கொப்பியிலயோ முன்கூட்டியே போட்டு வைச்சா, "உங்கட மாமாவைத் தெரியும் தம்பி" எண்டு வாற ஆளுக்கு அந்தப் பொடியன் பதில் சொல்ல ஒரு துணை கிடைக்கும்.

கண்டுபிடிக்கிறதுக்கு வங்காளதேச மத்திய வங்கிட கதையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியாது, அதில இலங்கையும் சம்பந்தப்பட்டிருக்கு. 2016 பெப்ரவரியில ஹக்கர்ஸ் அந்த வங்கிட சிஸ்டத்துக்குள்ள போய், நியூயோர்க் ஃபெடரல் ரிசர்வில இருந்த அவங்கட கணக்கில இருந்து காசு மாத்தச் சொல்லி 35 கட்டளை அனுப்பினாங்க, கூட்டினா ஒரு பில்லியன் டொலருக்குக் கிட்ட. 81 மில்லியன் பிலிப்பைன்ஸுக்குப் போயிட்டு. 20 மில்லியன் கொழும்பில இருக்கிற ஒரு வங்கிக்கு வந்தது, பெறுறவர்ட பேரில ஒரு எழுத்து பிழைச்சிருந்தது, தொகையும் அப்பிடியொரு அமைப்புக்கு வாற தொகை மாதிரித் தெரியல்ல, இடையில நிண்ட வங்கி விளக்கம் கேட்டது, காசு திரும்பிப் போச்சு. ஒரு எழுத்தைக் கவனமா வாசிச்ச ஆளால 20 மில்லியன் டொலர் தப்பினது. இந்தப் பக்கம் டாக்காவில, வங்கி அனுப்புற ஒவ்வொரு கட்டளையையும் தானாப் பிரின்ட் பண்ணுற ஒரு பிரின்டர் இருந்தது, அதை ஹக்கர்ஸ் முடக்கி வைச்சாங்க. வெள்ளிக்கிழமை காலை பிரின்டர் வேலை செய்யல்ல எண்டு கண்டவங்க வழமையான பழுது எண்டு நினைச்சாங்க. அங்க வெள்ளியும் சனியும் விடுமுறை, நியூயோர்க்கில சனியும் ஞாயிறும் விடுமுறை, திங்கள் பிலிப்பைன்ஸில சீனப் புதுவருசம். ஆரும் ஆரையும் பிடிக்க ஏலாத நாலு நாளைப் பாத்து அடிச்சிருக்காங்க.

அதாலதான் கட்டுப்பாடு நிண்டு போனா அதைச் சொல்ல இன்னொரு வழி வேணும் எண்டு நான் வற்புறுத்துறன். ஞாயிற்றுக்கிழமை லோன்ட்ரிப் படம் வரல்ல எண்டா, திங்கள் காலமை அந்த அமைதியே ஒரு தகவல். சித்திரைப் புதுவருசம், தீபாவளி, பெருநாள், வெசாக் எண்டு எங்களுக்கும் நீட்டு விடுமுறை வரும், அந்த நாளுகளில ஆர் பாக்கிறது எண்டு முதல்லயே பேர் போட்டு வையுங்க.

இவ்வளவும் செய்தும் ஒரு விசயம் பிழைச்சா எல்லாம் பிழைக்கும். கோசோ எண்டு அமெரிக்காவில கணக்காளர் அமைப்புகள் அஞ்சு சேந்து உருவாக்கின குழு, 1992இல உள்ளகக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சட்டகம் வெளியிட்டு 2013இல திருத்தினாங்க, உலகத்தில கன இடங்களில இதைத்தான் அடிப்படையா எடுப்பாங்க. அஞ்சு கூறும் 17 கொள்கையும் இருக்கு. முதலாவது கூறு கட்டுப்பாட்டுச் சூழல், மேல இருக்கிறவர் எப்பிடி நடக்கிறார் எண்டது. ஆபத்தை மதிப்பிடுறது, கட்டுப்பாட்டு வேலைகள், தகவல், கண்காணிப்பு எல்லாம் அதுக்குப் பிறகுதான். எங்கட கடையில அது எப்பிடித் தெரியும் எண்டா, முதலாளி பின்னேரம் மீன் வாங்கப் போகேக்க லாச்சியில கையை விட்டு ரெண்டாயிரத்தை எடுத்துக்கொண்டு போவார். அவர்ட கடை, அவர்ட காசு. ஆனா துண்டு எழுதல்ல. இரவு எண்ணேக்க ரெண்டாயிரம் குறையும், "ஆ, அது நான் எடுத்தது" எண்டுவார், அடுத்த நாள் ஆயிரத்தைநூறு குறையும், அவருக்கும் சரியா ஞாபகம் இருக்காது. அண்டையில இருந்து குறையிறது வழமையாப் போகும், ஆரும் எடுக்கலாம். முதலாளி முதல் ஆளாத் துண்டு எழுதிப் போட்டா, பிறகு ஆருக்கும் அது சந்தேகமாப் படாது. கிண்ணியாவில ஒரு நானாட கடையில பாத்தனான், தேத்தண்ணிக்கு எடுத்த நூறு ரூபாவுக்கும் தன்ட கையெழுத்தோட துண்டு போட்டிருந்தார், அந்தக் கடையில பொடியங்கள் கணக்குக் காட்டுறதுக்குப் பின்னடிக்கிறதே இல்ல.

கையெழுத்தைக் கூட்டினா பாதுகாப்புக் கூடும் எண்டு நினைக்கிறதையும் விடோணும். ஒரு வவுச்சரில மூண்டு பேர் கையெழுத்து எண்டா, முதலாவது ஆள் பின்னால ரெண்டு பேர் பாப்பாங்க எண்டு வைப்பார், கடைசி ஆள் முன்னால ரெண்டு பேர் பாத்திருப்பாங்க எண்டு வைப்பார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீங்க எதைப் பாத்தீங்க எண்டு ஒரு சொல் எழுத வையுங்க, விலை, அளவு, சாமான் வந்தது எண்டு. அப்பிடி எழுத ஒண்டும் இல்லாத கையெழுத்தை எடுத்து விடலாம்.

களவு மட்டும் ஆபத்தில்ல எண்டதை 2004 டிசம்பர் 26 எங்கட கரையில இருந்த எல்லாருக்கும் காட்டினது. கடன் கொப்பி கடலோட போன கடைகளில ஆர் எவ்வளவு தரோணும் எண்டு கேக்க ஒரு ஆதாரமும் இல்ல. இப்ப ஃபோன் இருக்கு, இரவு கடை பூட்டேக்க அண்டைய பக்கத்தைப் படம் எடுத்து வேற ஊரில இருக்கிற சொந்தக்காரர் ஒராளுக்கு அனுப்பினா காணும். கரையோர வியாபாரிகள் இதை மாரி தொடங்க முதல் கட்டாயம் செய்யோணும்.

கடைசியா, ஏசிஎஃப்ஈ அறிக்கைகளில திரும்பத் திரும்ப வாற ஒரு விசயம், மோசடி கூடுதலா வெளிய வாறது கணக்காய்வால இல்ல, ஒராள் சொல்லித்தான். 2024இல அது 43 வீதம், சொன்ன ஆக்களில பாதிக்கு மேல வேலை செய்யிறவங்கதான். ஆனா திருகோணமலையில ஆர் சொல்லுவாங்க? எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், நாளைக்குக் கோயிலிலயும் சந்தையிலயும் முகம் பாக்கோணும். அதால சொல்லுற வழியைக் கடைக்கு வெளிய வைக்கோணும். மனேஜருக்கு நெருக்கமில்லாத ஒராள்ட நம்பர், முதலாளிட அக்கா எண்டாலும் பரவாயில்ல, வேலை செய்யிறவங்களிட்ட மட்டுமில்ல, லோன்ட்ரிக்காரர், ஐஸ் கொண்டு வாறவர், சப்ளையர் எல்லாரிட்டயும் குடுத்து வைக்கோணும், பில்லின்ட பின்பக்கத்திலயும் அடிக்கலாம். ஒரு அழைப்பு வந்தா அண்டைக்கே ஓடிப்போய் அந்த ஸ்டோரைத் திறந்து எண்ணினா, ஆர் சொன்னது எண்டு பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். முதல்ல இருந்தே மாசத்தில ரெண்டு மூண்டு தரம், நாள் சொல்லாமல், ஒரு நாள் சீமெந்து, ஒரு நாள் பெயின்ட், ஒரு நாள் லாச்சி எண்டு எண்ணுற பழக்கத்தை வைச்சிருங்க. அழைப்பு வந்த கிழமையும் அந்த வரிசையில ஒண்டா அந்த ஸ்டோரை எண்ணலாம், சொன்னவர் அந்த நேரம் பக்கத்தில நிண்டு மூட்டையை எடுத்துக் குடுத்துக்கொண்டு இருந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது.